கோட்டையிலிருந்து தோட்டம் வரை: பெங்களூரில் அரைநாள் லீவு போட்டு லால்பாக்குக்கு ஒரு நடை

லால்பாக்குக்கு ஆட்டோவில் போய் இறங்கி, கண்ணாடி மாளிகை முன்னால் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நானும் பல வருடம் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு புதன்கிழமை மதியம் அரைநாள் லீவு போட்டு, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி, அங்கிருந்து நடந்தே போனபோதுதான் அந்தத் தோட்டம் எனக்குப் பிடிபட்டது.

காரணம் இதுதான். ஹைதர் அலி இந்தத் தோட்டத்தைத் தொடங்கியது 1760-இல். பெங்களூரின் மண் கோட்டையை அவர் கல் கோட்டையாக மாற்றிக் கட்டியது 1761-இல். ஒரே ஆள், ஒரே சமயம். ஒரு பக்கம் கல், இன்னொரு பக்கம் செடி. இரண்டுக்கும் நடுவே சுமார் 3 கிலோமீட்டர். இன்று அந்தக் கோட்டையில் ஒரு வாசல் மட்டும்தான் மிச்சம். 40 ஏக்கரில் ஆரம்பித்த தோட்டமோ 240 ஏக்கராக வளர்ந்து நிற்கிறது. முதலில் கோட்டையைப் பார்த்துவிட்டு, ஊருக்குள் நடந்து, கடைசியில் தோட்டத்துக்குள் நுழைந்தால் அந்த 260 வருடமும் காலுக்கடியில் வரும். இந்த வழிகாட்டி அந்த நடைக்கானது.

லீவு: எப்படிக் கேட்பது, எந்த நாள்

காய்ச்சல் என்றோ பேங்க் வேலை என்றோ சொல்லாதீர்கள். பொய் சொல்லி எடுத்த லீவில் மனசு ஒட்டாது; தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலை திரும்பிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் முன்னாலேயே, "அடுத்த புதன்கிழமை மதியத்துக்கு மேல் எனக்குச் சொந்த வேலை இருக்கிறது, அரைநாள் லீவு வேண்டும்" என்று கேட்டால் போதும். அதுவும் சொந்த வேலைதான். காலண்டரில் அந்த நேரத்தை அடைத்துவைத்துவிடுங்கள். காலையில் முடிக்க வேண்டியதை 12.30-க்குள் முடித்து, அவசரமென்றால் யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். லேப்டாப்பை ஆபீஸிலோ வீட்டிலோ வைத்துவிட்டு வர முடிந்தால் நல்லது. பை தோளில் இருந்தால் வேலையும் கூடவே வரும்.

செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாட்கள். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. வழியில் டிபன் சாப்பிட வேண்டிய கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதனால் அதுவும் வேண்டாம். ஜனவரி 26, ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வருடத்துக்கு இரண்டு முறை மலர்க் கண்காட்சி நடக்கும். கண்காட்சி பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி. அமைதியாக நடக்க விரும்பினால் அந்த வாரங்களைத் தவிருங்கள். ஒரு ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை நானும் என் அக்காவும் போய், இரண்டு மணி நேரம் முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான் பார்த்தோம்.

மாதம் என்றால் நவம்பர் கடைசி முதல் மார்ச் வரை. வெயில் உறைக்காது, மழையும் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் வரை வெயில் அடித்துவிட்டு நாலு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். செப்டம்பர், அக்டோபரிலும் சாயங்கால மழை உண்டு. ஆனால் பூ பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சை விடவே கூடாது. இலையெல்லாம் உதிர்ந்த கிளைகளில் டபேபுயா இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். அது ஓயும்போது ஜகரண்டா ஊதா நிறத்தில் ஆரம்பிக்கும், அதை அடுத்து குல்மோகர் சிவப்பு. இப்படி ஒன்று மாற்றி ஒன்று பூக்கிறது தற்செயல் இல்லை. 1908 முதல் 1932 வரை லால்பாக்கின் பொறுப்பில் இருந்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஊரின் சாலைகளில் ஏதாவது ஒரு மரம் எப்போதும் பூத்திருக்கும்படி பார்த்துப் பார்த்து நட்டார்.

கையில் என்ன வேண்டும்

பிடிமானம் உள்ள ஷூ கட்டாயம். கடைசியில் வழுவழுப்பான பாறையில் ஏற வேண்டும். வழியில் வரும் நடைபாதையும் சாக்கடைக்கு மேல் கல் பாவியதுதான், சில கற்கள் ஆடும். ஒரு எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், தொப்பி அல்லது குடை, சில்லறையாகக் கொஞ்சம் பணம். தோட்டத்துக்குள் பிளாஸ்டிக் கூடாது, அதனால் ஒரு துணிப்பை.

போனை நிறுத்தச் சொல்லவில்லை. ஆபீஸ் ஆப்களின் அறிவிப்பை மட்டும் மாலை 7 வரை அணைத்துவையுங்கள்.

1.30 மணி: கே.ஆர். மார்க்கெட்

மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் நிலையத்தில் இறங்குங்கள். கழிப்பறை போக வேண்டுமானால் நிலையத்திலேயே போய்விடுங்கள், அடுத்த ஒரு மணி நேரத்துக்குச் சுத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். வெளியே வந்ததும் வடக்கே, மேம்பாலம் தெரிகிற பக்கம் நடந்தால் மார்க்கெட்.

1921-இல் கட்டிய மார்க்கெட் இது. பூ வியாபாரத்தின் உச்சம் விடியற்காலைதான், மதியத்தில் பாதி கடை ஓய்ந்திருக்கும். ஆனால் மதியத்தில் வேறொன்று பார்க்கக் கிடைக்கும். காலையில் விற்றது போக மிஞ்சிய உதிரிப் பூவை முன்னால் குவித்து வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் முன்னால் ஐந்து நிமிடம் நின்று கையை மட்டும் பாருங்கள். இடது கையில் நூல். வலது கை குவியலைப் பார்க்காமலே இரண்டு மொட்டை எடுத்து வைக்கும், காம்பு எதிரெதிராக இன்னும் இரண்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் நம் மேல் இருக்கும், வாய் பக்கத்துக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும், கை நிற்காது. ஒருமுறை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா, "என்ன தம்பி, ஆபீஸ் இல்லையா?" என்று தமிழிலேயே கேட்டார். முகத்தைப் பார்த்தே மொழியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "அரைநாள் லீவு, அம்மா" என்றேன். "நல்லது, ஒரு முழம் வாங்கிட்டுப் போ, சாயங்காலம் வரைக்கும் வாடாது" என்று ஈர வாழை மட்டையில் சுற்றிக் கொடுத்தார். சொன்னபடி வாடவில்லை. நீங்களும் ஒரு முழம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே தமிழ் கேட்பதற்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் திகளர்பேட்டை. திகளர் என்பவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழில் செய்துவந்தவர்கள், பூர்வீகத்தில் தமிழ் பேசியவர்கள். ஹைதர் அலியின் தோட்டத்தில் மண்ணைக் கொத்தி, நாற்று நட்டு, தண்ணீர் பாய்ச்சிய கைகள் அவர்களுடையவை. சித்திரை பௌர்ணமியில் இந்த ஊரே விழித்திருந்து பார்க்கும் கரகத் திருவிழாவை தர்மராயர் கோயிலில் இன்றும் நடத்துகிறவர்கள் அவர்கள்தான், திரௌபதிதான் தெய்வம். தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

2 மணி: கோட்டையும் அரண்மனையும்

மார்க்கெட்டை விட்டுத் திரும்பி கே.ஆர். ரோட்டில் தெற்கே வந்தால் கோட்டை வாசல். டெல்லி கேட் என்று பெயர். உயரமான மரக்கதவு, உள்ளே வளைந்து போகும் வழி, சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில். இருபது நிமிடத்துக்கு மேல் பார்க்க எதுவும் இல்லை, ஆனால் மதிலில் பதித்திருக்கும் கல்வெட்டை மட்டும் படிக்காமல் போகாதீர்கள். 1791 மார்ச் 21-ஆம் தேதி பிரிட்டிஷ் படை இந்த உடைப்பின் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது என்று சொல்கிறது. தளபதி கார்ன்வாலிஸ்.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் திப்பு சுல்தானின் கோடைகால அரண்மனை. 1781-இல் ஹைதர் ஆரம்பித்ததைத் திப்பு 1791-இல் முடித்தார். மேலே பார்த்த கல்வெட்டின் வருடத்தையும் இதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அரண்மனை முடிந்த வருடமும் கோட்டை விழுந்த வருடமும் ஒன்று.

முழுக்கத் தேக்குத் தூண்கள், இரண்டு தளம். சுவர்களிலும் கூரையிலும் பூவும் கொடியுமாக வரைந்திருக்கிறார்கள், நிறம் மங்கிப் பழுப்பேறிவிட்டது. மாடிக்குப் போய் முகப்பில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே காற்று வரும். இந்த அரண்மனைக்கு 'சொர்க்கமே பொறாமைப்படும் இடம்' என்று பாரசீகத்தில் பெயர் பொறித்திருக்கிறார்கள். அரைநாள் லீவில் வந்தவர்களுக்கு ஒரு செய்தி: 1831 முதல் 1868 வரை இது அரசாங்க ஆபீஸாக இருந்தது. இதே தூண்களுக்கு நடுவே மேசை போட்டு எழுத்தர்கள் கோப்பு எழுதியிருக்கிறார்கள்.

பக்கத்திலேயே கோட்டை வெங்கடரமணர் கோயில், மைசூர் மன்னர் சிக்கதேவராஜர் காலத்தது. மதியம் நடை சாத்தியிருக்கும்; வெளியிலிருந்து கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

கிளம்பும் முன் அரண்மனை வாசலில் இருக்கும் சாலையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஆலூர் வெங்கடராவ் ரோடு. பழைய ஆட்கள் ஆல்பர்ட் விக்டர் ரோடு என்பார்கள். இந்த ஆல்பர்ட் விக்டர் சாயங்காலம் மறுபடி வருவார்.

2.45 மணி: ஊருக்குள் நடப்பது

கே.ஆர். ரோட்டிலேயே தெற்கே நடந்தால் பெரிய ஆஸ்பத்திரிகளைத் தாண்டி விஸ்வேஸ்வரபுரம் வரும். வி.வி. புரம் என்றால்தான் யாருக்கும் புரியும். முதல் கால் மணி நேரம் இந்த நடையிலேயே மோசமான பகுதி. ஹாரன், பஸ் புகை, நடைபாதையில் ஏறும் பைக். இதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆட்டோ ஏறாதீர்கள். இந்தச் சத்தத்துக்குப் பிறகு வருவதால்தான் தோட்டத்தின் அமைதி காதில் விழும்.

வி.வி. புரத்துக்குள் திரும்பியதும் சாலை குறுகும், மரம் கூடும். பழைய வீடுகள் சிலவற்றில் சிவப்புத் திண்ணை, ஓட்டுக் கூரை இன்னும் இருக்கிறது. சஜ்ஜன் ராவ் சர்க்கிள் பக்கம் சாப்பாட்டுத் தெரு ஒன்று இருக்கிறது. அது சாயங்காலத்துக்கு மேல்தான் உயிர் பெறும், இப்போது வேண்டாம். சஜ்ஜன் ராவ் சர்க்கிளிலிருந்து கிழக்கே மினர்வா சர்க்கிள். அங்கே சாலையைக் கடப்பது சிரமம், சிக்னலுக்குக் காத்திருந்து கடங்கள். பிறகு லால்பாக் ரோடு.

3.30 மணி: டிபன்

லால்பாக் ரோட்டில் எம்.டி.ஆர்., அதாவது மாவள்ளி டிபன் ரூம்ஸ். 1924-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் சமயம் அரிசி தட்டுப்பட்டபோது ரவையில் இட்லி செய்து பார்த்தது இங்கேதான் என்பார்கள். மதியச் சாப்பாடு முடிந்து சாயங்கால டிபன் ஆரம்பிக்க இடைவேளை உண்டு, 3.30-ஐ ஒட்டிப் போனால் சரியாக இருக்கும். ரவா இட்லி ஒன்று, காபி ஒன்று. அதற்கு மேல் வேண்டாம், இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது. தோசை வாங்கினால் சின்னக் கிண்ணத்தில் உருக்கின நெய் தனியாக வரும். அந்த ஆசையை விட முடியாதவர்கள் இரண்டு பேராக வந்து ஒரு தோசையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். இடம் கிடைக்கக் கூட்டத்தில் காத்திருக்க வேண்டிவந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். இன்றைய நாள் தோட்டத்துக்குத்தான்.

4.15 மணி: உள்ளே

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் நடந்தால் லால்பாக்கின் பிரதான வாசல். டிக்கெட் உண்டு. மாலை 7 மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

நுழைந்ததும் எல்லோரும் பாறைக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். நாலு மணிப் பாறை சூடாக இருக்கும், நிழலும் இல்லை. முதலில் கண்ணாடி மாளிகை, பிறகு மரங்கள், ஏரி, கடைசியில்தான் பாறை.

கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30-ஆம் தேதி அடிக்கல் நாட்டியவர் பிரிட்டிஷ் இளவரசர் ஆல்பர்ட் விக்டர். மதியம் அரண்மனை வாசலில் பார்த்த சாலைக்கு இருந்த அதே பெயர். லண்டனில் இருந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடிக் கண்காட்சிக் கூடத்தை மனதில் வைத்துக் கட்டியது. இரும்புத் தூண்களும் வளைவுகளும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வந்தவை. கண்காட்சி இல்லாத நாளில் காலியாக இருக்கும். காலியாகப் பார்ப்பதுதான் அழகு. சாய்ந்த வெளிச்சம் கண்ணாடி வழியாகத் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருக்கும்.

இதைக் கட்டியபோது தோட்டத்தின் பொறுப்பில் இருந்தவர் ஜான் கேமரான். நம் சமையலறையில் அவருக்கு ஒரு பங்கு இருக்கிறது. சௌசௌவை இந்த ஊருக்குக் கொண்டுவந்து பரப்பியவர் அவர்தான் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் அதற்கு 'பெங்களூர் கத்திரிக்காய்' என்று பெயர் ஏன் வந்தது என்று அம்மா கூட்டு வைக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன்.

இனி மரங்கள். நூற்றுக்கணக்கான வகை இருக்கிறது, எல்லாவற்றின் பெயர்ப்பலகையையும் படிக்கப் பார்த்தால் எதுவும் மனசில் நிற்காது. ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அதனோடு இருபது நிமிடம் இருங்கள். என் மரம் அந்தப் பெரிய இலவ மரம். வழி கேட்டால் காவலாளிகள் காட்டுவார்கள். அதன் அடிமரத்தைத் தூண் மாதிரி உருண்டையாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வேர்கள் பலகை பலகையாக எழும்பி, மடிப்பு மடிப்பாக விரிந்து, தரையில் பாம்பு மாதிரி நெளிந்து ஓடும். பட்டை யானைத் தோல் நிறம். ஒரு பலகை வேருக்கும் அடுத்ததுக்கும் நடுவே உள்ள இடுக்கு ஒரு சின்ன அறை மாதிரி இருக்கும், வெயில் அதற்குள் நுழையாது. அண்ணாந்து பார்த்தால் முதல் கிளையே மூன்று மாடி உயரத்தில். கோடையில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். இலவு காத்த கிளி என்று சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த இலவம் காயை மரத்திலேயே பார்த்தது எனக்கு இங்கேதான். பச்சையாக, நீளமாக, பழம் என்று ஒரு கிளி ஏமாந்துபோகிற மாதிரிதான் தொங்குகிறது.

மரத்தைத் தொட வேண்டாம், வேரில் ஏற வேண்டாம். வருகிறவர்கள் எல்லோரும் ஏறினால் பட்டை தேய்ந்து, வேரைச் சுற்றிய மண் இறுகி, தண்ணீர் கீழே இறங்காமல் போகும். பட்டையில் பெயர் செதுக்கியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். தோட்டத்துக்குள் கல்லாகிப்போன ஒரு மரத்துண்டை வைத்திருக்கிறார்கள். 2 கோடி வருடப் பழமை. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து வந்தது. பார்த்தால் மரம், தட்டினால் கல். விழுப்புரம் பக்கத்துக்காரர் யாராவது கூட வந்தால் முதலில் அங்கே கூட்டிப் போங்கள்.

பிறகு ஏரி. கரையில் ஒரு பெஞ்ச் பிடித்து உட்காருங்கள். நீர்க்காகம் முங்கி எழுந்து, இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். கொக்கு ஒற்றைக்காலில். இந்த இடத்துக்கு நேரக் கணக்கு நான் தரப்போவதில்லை. பேச்சு வந்தால் பேசுங்கள், வராவிட்டால் சும்மா இருங்கள்.

5.30 மணி: பாறை

சூரியன் மறையும் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் 6 மணியை ஒட்டி, ஜூன், ஜூலையில் 6.45-ஐத் தாண்டி. அதற்கு அரை மணி நேரம் முன்னால் பாறை மேல் இருக்க வேண்டும்.

செங்குத்தான ஏற்றம் இல்லை, குழந்தைகளும் ஏறலாம். மழை பெய்து ஈரமாக இருந்தால் மட்டும் ஏறாதீர்கள். கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். வெளுப்பும் கருப்புமாக வரி வரியாக, கலக்கின மாவு அப்படியே உறைந்த மாதிரி வளைந்து வளைந்து ஓடும். இது தீபகற்ப நைஸ் பாறை, வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். பூமிக்கு அடியில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் கல் இளகி மடிந்ததன் தடம்தான் அந்த வரிகள். தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அஸ்திவாரம் இந்த வகைப் பாறைதான். இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பகல் சூடு இன்னும் இருக்கும்.

உச்சியில், பெங்களூரை உருவாக்கிய கெம்பேகவுடாவின் பெயரில் ஒரு கோபுரம், நாலு தூண் வைத்த சின்ன மண்டபம். ஊரைச் சுற்றி இப்படி நாலு கோபுரங்கள் உண்டு, அதில் இது ஒன்று. அதன் நிழலில் நின்று மேற்கே திரும்பினால் மரங்களின் தலைக்கு மேல் சூரியன் இறங்கும், கரும்பருந்துகள் வட்டமிடும். பலர் அந்த நேரத்தை போனைத் தூக்கிப் பிடித்தே கழிக்கிறார்கள். ஒரு படம் எடுத்துவிட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

கிளம்புவது

6.30-க்கு இறங்க ஆரம்பியுங்கள்; ஜூன், ஜூலையில் சூரியன் முழுக்க மறையும்வரை காத்திருக்க முடியாது. மேற்கு வாசல் வரை நடக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், இருட்டினால் உள்பாதைகளில் போகாமல் பெரிய பாதையிலேயே போங்கள். தனியாக வந்த பெண்கள் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிடுவது நிம்மதி. வழியில் ஹாப்காம்ஸ் கடை திறந்திருந்தால் ஒரு பழச்சாறு குடிக்கலாம். விவசாயிகளின் கூட்டுறவு அது, 1959-இல் தொடங்கியது.

அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறீர்கள் என்றால் மார்க்கெட், கோட்டை எல்லாம் விட்டுவிட்டு லால்பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கி மேற்கு வாசல் வழியாக நேரே உள்ளே வாருங்கள். தோட்டத்துக்குள் சுற்றிக்காட்ட பேட்டரி வண்டி இருக்கிறது, முட்டிவலிக்காரர்களுக்கு அது உதவும். ஏரிக்கரை பெஞ்சுக்கு மட்டும் அவர்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

மேற்கு வாசலுக்கு வெளியே வந்தால் பக்கத்திலேயே மெட்ரோ. பிளாட்பாரம் உயரத்தில் இருப்பதால் தோட்டத்தின் மரத்தலைகள் கறுத்துத் தெரியும். வடக்கே போகும் வண்டியில் ஏறினால், நேஷனல் காலேஜ் நிலையத்தைத் தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும். மதியம் முழுக்க நடந்து வந்த தூரம் இரண்டே நிலையத்தில் முடிந்துவிடும். கே.ஆர். மார்க்கெட்டில் கதவு திறக்கும்போது பையைத் திறந்து பாருங்கள், வாழை மட்டைக்குள் பூ அப்போதுதான் மலர ஆரம்பித்திருக்கும்.